மனத்தைக் கலக்கும் திகில் அனிமே

திகில் அனிமே என்பது அச்சத்தை முதன்மை உணர்வாகக் கொண்டு ஜப்பானில் உருவாக்கப்படும் அசைவூட்டத் திரைப்படங்களையும் தொலைக்காட்சித் தொடர்களையும் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை பார்க்கும் நேரத்தில் மட்டும் திடுக்கிட வைப்பவை. சிறு பகுதி அவ்வாறன்று. பார்த்து முடித்து விளக்கை அணைத்த பின்னும் அவை மனத்தில் தங்கி அமைதியைக் குலைக்கின்றன. ஓடிடி தளங்களில் திகில் என்ற தலைப்பின்கீழ்த் தேடுவோருக்கு முதல் வகையே முன்னால் வந்து நிற்கிறது. இரண்டாம் வகை எது, அது எவ்வாறு செயல்படுகிறது, அதை எப்படிக் கண்டுகொள்வது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. கதை முடிவுகள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

அச்சமும் கலக்கமும்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது தோன்றும் இடங்கள் நான்கு என்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன அவை. தெய்வமும் பேயும், கொடிய விலங்கு, திருடர், தண்டிக்கும் அரசன் ஆகிய இந்நான்குக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நான்கும் வெளியிலிருந்து வருபவை. கதவைத் தாழிட்டுக்கொண்டால், அல்லது ஓடிவிட்டால், அவற்றிலிருந்து தப்பலாம் என்ற நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. வழக்கமான திகில் கதைகள் பெரும்பாலும் இந்த நான்கிற்குள் அடங்கும்.

கலக்கம் வேறு இடத்தில் பிறக்கிறது. 1919ஆம் ஆண்டு சிக்மண்ட் பிராய்டு வெளியிட்ட ஒரு கட்டுரை இதைப் பற்றியது. நன்கு பழகிய ஒன்று திடீரென அந்நியமாகத் தோன்றும்போது எழும் அச்சத்தை அவர் ஆராய்ந்தார். அதற்கு அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லுக்குள்ளேயே ‘வீடு’ என்னும் பொருள் தரும் வேர்ச்சொல் இருக்கிறது. வீடு வீடாக இல்லாமல் போவதே அவ்வுணர்வின் அடிப்படை. தாழிட்ட கதவு இங்கே பயன்படாது. அஞ்ச வேண்டியது கதவுக்கு உள்ளேதான் இருக்கிறது.

இரத்தம் தெறிக்கும் காட்சி அருவருப்பைத் தரும். திடீர்ச் சத்தம் உடலைத் திடுக்கிடச் செய்யும். இரண்டும் சில நொடிகளில் தணிந்துவிடும். தன் முகம், தன் ஊர், தன் நண்பன், தான் செய்த செயல் ஆகியவற்றின் மீதுள்ள நம்பிக்கை அசைந்தால் அது விரைவில் தணிவதில்லை. சிறந்த திகில் அனிமேக்கள் இந்த நம்பிக்கைகளைத்தான் அசைக்கின்றன.

ஜப்பானியப் பின்னணி

ஜப்பானில் பேய்க்கதைக்கு நெடிய மரபு உண்டு. எடோ காலத்தில் ‘நூறு கதைக் கூட்டம்’ என்றொரு விளையாட்டு இருந்தது. இரவில் கூடியவர்கள் நூறு விளக்குகளை ஏற்றி வைத்து ஒவ்வொருவராகப் பேய்க்கதை சொல்வர். ஒரு கதை முடிந்ததும் ஒரு விளக்கு அணைக்கப்படும். நூறாவது விளக்கும் அணைந்தால் உண்மையிலேயே ஏதோ ஒன்று வரும் என்பது நம்பிக்கை. அதனால் தொண்ணூற்றொன்பதுடன் நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. கதையில் வரும் பேயைக் காட்டிலும், இருட்டிக்கொண்டே வரும் அறையும் சொல்லப்படாத கடைசிக் கதையும் அங்கே அச்சத்தை வளர்த்தன.

உயேதா அகினாரியின் பேய்க்கதைத் தொகுப்பான ‘உகெட்சு மோனோகத்தாரி’, தொரியாமா செக்கியென் வரைந்த பூத உருவங்களின் படநூல் ஆகிய இரண்டும் 1776ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஜப்பானில் குடியேறிய எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன் இத்தகைய கதைகளைத் தொகுத்து ‘குவைதான்’ என்னும் நூலை 1904இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அசைவூட்டத்திற்கு நேரடி முன்னோடி ‘கமிசிபாய்’ எனப்படும் காகித நாடகம். மிதிவண்டியில் வரும் கதைசொல்லி சிறுவர்களுக்கு இனிப்பு விற்றுவிட்டு, மரச்சட்டத்தில் படங்களை ஒவ்வொன்றாக மாற்றிக் கதை சொல்வார். 1930களில் இது பெரும் புகழ் பெற்றிருந்தது. இடுகாட்டில் பிறந்த சிறுவன் கித்தாரோவின் கதை அக்காலக் கமிசிபாயில் தோன்றியதே. பின்னர் சிகெரு மிசுக்கி (1922–2015) அதனை மங்கா எனப்படும் படக்கதையாக வளர்த்தெடுக்க, 1968இல் அது தொலைக்காட்சி அனிமே ஆயிற்று.

1998இல் ஹிதெயோ நகாத்தா இயக்கிய ‘ரிங்’ திரைப்படம் பேயை ஒளிநாடாவுக்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டில் ‘சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்’ என்னும் அனிமே, இறந்தவரின் குரலை மின்னஞ்சலில் கொண்டுவந்தது. பழைய மரபு வீட்டிலிருக்கும் கருவிகளுக்குள் குடிபுகுந்த காலம் அது.

வரைந்த படம் எவ்வாறு அச்சுறுத்துகிறது

நடிகர் நடிக்கும் படத்தில் கத்தி ஒருவர் கழுத்தை நெருங்கினால், அங்கே உண்மையான உடல் இருப்பதால் பார்ப்பவரின் உடலும் கூசுகிறது. அனிமேயில் இருப்பது கோடும் நிறமும் மட்டுமே. ஆகவே நடிப்புத் திரைப்படத்தின் உத்திகளை அப்படியே கையாளும் அனிமே பெரும்பாலும் தோற்றுப்போகிறது. வென்றவை வேறு மூன்று வழிகளைப் பயன்படுத்தின.

முதலாவது அசைவின்மை. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுகிறது. தொலைக்காட்சி அனிமேயில் ஒரே ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி, நொடிக்கு ஏறத்தாழ 8 ஓவியங்களுடன் வேலையை முடிப்பது வழக்கம். ஒசாமு தெசுக்கா 1963இல் தொடங்கிய ‘தெத்சுவான் ஆட்டம்’ தொடரின் காலத்திலிருந்தே சிக்கனத்துக்காக இம்முறை பரவியது. திகில் படைப்பாளர்கள் இந்தக் குறையையே நிறையாக்கிக்கொண்டனர். முகம் அசையாமல் நிற்க, கண்கள் மட்டும் திரும்பினால் அது இயல்பான மனிதச் செயலாகத் தோன்றுவதில்லை.

இரண்டாவது ஒலி. படம் அசையாமல் நிற்கும்போது காது கூர்மையடைகிறது. மின்கம்பியின் ரீங்காரம், சில்வண்டின் இரைச்சல், குளிர்பதனப் பெட்டியின் முனகல் போன்ற அன்றாட ஓசைகள் நீண்டு ஒலித்தால் அவையே அச்சுறுத்தலாகின்றன.

மூன்றாவது, உண்மைக்கும் கற்பனைக்கும் இடையே வேறுபாடு காட்டாமை. நடிப்புத் திரைப்படத்தில் கனவுக்காட்சியை ஒளியிலோ ஒப்பனையிலோ அடையாளம் காண முடியும். அனிமேயில் நனவும் ஒரே கையால் வரையப்படுகிறது, கனவும் அதே கையால் வரையப்படுகிறது. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பாத்திரம் குழம்பும்போது பார்வையாளரும் அதே அளவு குழம்புகிறார்.

வகைப்பெயரின் சிக்கல்

அனிமேக்கள் வகைவாரியாகப் பட்டியலிடப்படும்போது, கோரமான கொலைகளும் அரக்கர்களும் நிறைந்த சண்டைத் தொடர்கள் ‘திகில்’ என்ற பெயரைப் பெறுகின்றன. அவற்றில் எதிரி யார் என்பது தெளிவு. கதாநாயகனின் வலிமை கூடக்கூட அச்சம் குறைந்துவிடும். மாறாக, ‘லெய்ன்’ அறிவியல் புனைவு என்றும், ‘மான்ஸ்டர்’ மர்மம் என்றும், ‘பெர்ஃபெக்ட் புளூ’ உளவியல் படம் என்றும் வேறு வேறு அடுக்குகளில் வைக்கப்படுகின்றன. எனவே திகில் என்ற அடுக்கில் மட்டும் தேடுபவர் நல்லவற்றுள் பாதியைத் தவறவிடுகிறார்.

எழுத்தாளர் பெயரும் முழு உறுதி தருவதில்லை. ஜுன்ஜி இத்தோ ஜப்பானின் புகழ்பெற்ற திகில் மங்கா ஓவியர். பக்கத்தைப் புரட்டியவுடன் முழுப்பக்கத்தில் எதிர்ப்படும் நுணுக்கமான மைக்கோட்டு ஓவியமே அவருடைய வலிமை. வாசகர் தம் கையாலேயே பக்கத்தைப் புரட்டி அதை எதிர்கொள்கிறார். 2018இல் வந்த ‘ஜுன்ஜி இத்தோ கலெக்சன்’ தொடரில் அந்தக் கோடுகளும் புரட்டும் கணமும் இல்லாததால் பலர் ஏமாற்றமடைந்தனர். 2024இல் 4 பகுதிகளாகக் கறுப்பு வெள்ளையில் வெளியான ‘உசுமாக்கி’யின் முதல் பகுதி பெரிதும் பாராட்டப்பட்டது. அடுத்த பகுதிகளில் அசைவூட்டத் தரம் இறங்கியதாக ரசிகர்கள் குறைபட்டனர். இவருடைய ஆக்கங்களை முதலில் மங்காவாகப் படிப்பதே நன்று.

குறிப்பிடத்தக்க படைப்புகள்

தன்னையே நம்ப முடியாமை

‘பெர்ஃபெக்ட் புளூ’ (1997) சத்தோசி கோன் (1963–2010) இயக்கிய முதல் திரைப்படம். மிமா என்னும் பாடகி தன் இசைக்குழுவை விட்டு நடிகையாகிறாள். அவள் பெயரில் யாரோ நடத்தும் இணையப்பக்கத்தில் அவளுடைய அன்றாட நாட்குறிப்பு வெளியாகிறது. முதலில் அதைப் படித்துச் சிரிக்கும் மிமா, தான் மட்டுமே அறிந்த சிறு செயல்களும் அதில் இருப்பதைக் கண்டு திகைக்கிறாள். அவள் நடிக்கும் தொடரின் காட்சியும் வாழ்க்கையும் ஒன்றுடன் ஒன்று கலக்கும் வண்ணம் படத்தொகுப்பு அமைந்துள்ளது. சமூக ஊடகங்கள் தோன்றும் முன்பே, ஒருவரின் இணைய உருவம் அவரைவிட உண்மையானதாகிவிடும் அபாயத்தை இப்படம் காட்டியது.

‘சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்’ (1998) ரியூத்தாரோ நகாமுரா இயக்கத்தில் 13 பகுதிகளாக வந்தது. தற்கொலை செய்துகொண்ட மாணவியிடமிருந்து பள்ளித் தோழியருக்கு மின்னஞ்சல் வருகிறது. தான் உடலை மட்டுமே விட்டுவிட்டதாக அது கூறுகிறது. அதைத் தொடர்ந்து செல்லும் லெய்ன் என்னும் சிறுமி, வலையுலகில் தன்னைப் போலவே இன்னொருத்தி உலவுவதை அறிகிறாள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாத குடும்பம், வெறிச்சோடிய தெரு, ஓயாத மின்கம்பி ரீங்காரம் ஆகியவை இத்தொடரின் திகிலுக்குக் காரணம். பேய் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

தன் செயலின் நிழல்

‘மான்ஸ்டர்’ (2004–2005) நவோக்கி உராசவாவின் மங்காவைத் தழுவி 74 பகுதிகளாக வெளியானது. ஜெர்மனியில் பணிபுரியும் மூளை அறுவை மருத்துவர் தென்மா, நகரத் தலைவரை விட்டுவிட்டு, தமக்கு முன்பே கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவனைக் காப்பாற்றுகிறார். எல்லா உயிரும் சமம் என்ற அறமே அவரை அவ்வாறு செய்யத் தூண்டியது. ஆண்டுகள் கழித்து, அச்சிறுவன் கொலைகாரனாக வளர்ந்திருப்பதை அவர் அறிகிறார். தாம் செய்த நற்செயலே பலர் உயிரிழக்கக் காரணமானதா என்ற கேள்வி தொடர் முழுதும் அவரைத் துரத்துகிறது. கொலைகாரன் யோஹான் குரலை உயர்த்துவதே இல்லை.

‘பாரனோயா ஏஜெண்ட்’ (2004) சத்தோசி கோனின் 13 பகுதித் தொடர். வேலை நெருக்கடியில் தவிக்கும் ஓவியர் ஒருத்தி, சக்கரக் காலணி அணிந்த சிறுவன் ஒருவன் வளைந்த மட்டையால் தன்னைத் தாக்கியதாகக் கூறுகிறாள். பிறகு மேலும் பலர் தாக்கப்படுகின்றனர். வாழ்க்கையில் வழியின்றி மாட்டிக்கொண்ட அவர்களுக்கு, அந்த அடி ஒருவகையில் விடுதலையாக அமைகிறது. வதந்தியும் பொறுப்பிலிருந்து தப்பும் ஆசையும் இத்தொடரின் கரு.

‘மொனொனோக்கே’ (2007) கெஞ்சி நகாமுரா இயக்கிய 12 பகுதித் தொடர். ஹயாவோ மியாசாக்கியின் ‘பிரின்சஸ் மொனொனோக்கே’ (1997) திரைப்படத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதில் ஊர் ஊராகச் செல்லும் மருந்து வணிகர் தீய ஆவிகளை வாளால் அழிக்கிறார். ஆனால் ஆவியின் உருவம், நடந்த உண்மை, அதன் மனக்காரணம் ஆகிய மூன்றும் வெளிப்படும் வரை வாள் உறையைவிட்டு வராது. எனவே ஒவ்வொரு கதையும் ஒரு விசாரணை ஆகிறது. அங்கிருக்கும் மனிதர்கள் மறைத்துவைத்த குற்றம் வெளிவரும்போது, பேயின்மீது பரிவும் மனிதர்மீது அச்சமும் தோன்றுகின்றன.

தன் ஊர், தன் நண்பன்

‘ஹிகுராசி நோ நாக்கு கோரோ நி’ (2006) 26 பகுதிகள் கொண்டது. தலைப்பிலுள்ள ஹிகுராசி என்பது மாலை வேளையில் ஒலிக்கும் ஒருவகைச் சில்வண்டு. 1983 சூன் மாதத்தில் ஒரு மலைக்கிராமத்தில் நடக்கும் நிகழ்வுகள் வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. குழந்தை முகம் கொண்ட பாத்திரங்கள் சிரித்து விளையாடுவதைப் பார்த்து எளிய கதை என்று எண்ணிவிடக் கூடாது. நண்பர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற சந்தேகம் எப்படி வளர்ந்து அழிவில் முடிகிறது என்பதே இதன் மையம்.

‘சிக்கி’ (2010) பியூமி ஓனோவின் புதினத்தைத் தழுவிய 22 பகுதித் தொடர். மலைகள் சூழ்ந்த சிறு கிராமத்தில் கோடைக்காலத்தில் தொடர் மரணங்கள் நிகழ்கின்றன. ஊர் மருத்துவர் முதலில் கொள்ளைநோய் என்று கருதுகிறார். தொடக்கப் பகுதிகள் மெதுவாக நகர்கின்றன. ஊராரின் பெயரும் உறவும் பார்வையாளருக்குப் பழகிய பிறகே அவர்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். பிற்பாதியில், ஊரைக் காக்க எழும் மனிதர்கள் செய்யும் செயல்கள் யார் பக்கம் நிற்பது என்ற கேள்வியை எழுப்புகின்றன.

‘ஹிக்காரு இறந்த கோடைக்காலம்’ என்று பொருள்படும் தலைப்புடன் 2025இல் வெளிவந்த 12 பகுதித் தொடர் இவ்வரிசையில் புதியது. மலையில் காணாமல்போய்த் திரும்பிவந்த நண்பன் உண்மையில் அவனல்லன், அவன் உருவில் வந்த வேறொன்று என்பது யோசிக்கி என்னும் சிறுவனுக்கு முதல் பகுதியிலேயே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும், நண்பனை மறுபடி இழக்க மனமில்லாமல் அவன் அதனுடனேயே பழகுகிறான். துக்கமும் அச்சமும் பிரிக்க முடியாதபடி இதில் கலந்திருக்கின்றன.

தேர்ந்தெடுக்கும் முறை

புதிய தொடர் ஒன்றைப் பார்க்கலாமா என்று முடிவு செய்யப் பின்வரும் கேள்விகள் உதவும்.

1. அச்சம் எங்கிருந்து வருகிறது? வெளியே இருக்கும் அரக்கனை வென்றால் எல்லாம் சரியாகிவிடும் என்றால் அது சாகசக் கதையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

2. முதல் பகுதியில் அமைதியான காட்சிகள் உண்டா? அன்றாட வாழ்க்கையைப் பொறுமையாகக் காட்டினால்தான் பின்னர் அது குலைவது வலிக்கும்.

3. கதாநாயகன் காண்பதை நம்ப முடியுமா? அவனுடைய நினைவோ பார்வையோ பிழைபடக் கூடும் என்ற குறிப்பு இருந்தால் கலக்கத்துக்கு இடமுண்டு.

4. கொடுமைக்கு ஆளானவர் பெயரும் வாழ்வும் உள்ள மனிதராகக் காட்டப்படுகிறாரா? சாவதற்காகவே கொண்டுவரப்படும் பாத்திரங்கள் கூடக்கூட அச்சம் மழுங்கும்.

5. எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்லப்படுகிறதா? சிறந்த படைப்புகள் கதையை முடித்தாலும் கேள்வியை முடிப்பதில்லை.

இம்முறையைப் பழகிப் பார்க்க ‘யாமிசிபாய்’ ஏற்றது. 2013இல் தொடங்கிய இத்தொடரின் ஒவ்வொரு கதையும் சுமார் 5 நிமிடங்களே ஓடும். பழைய கமிசிபாய் பாணியில், அசைவு மிகக் குறைந்த ஓவியங்களால் ஆனது. ஒரு கதை ஏன் அச்சம் தருகிறது, இன்னொன்று ஏன் தரவில்லை என்பதை ஒரே மாலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பார்க்கும் முறை

ஒலி முக்கியமாதலால் ஜப்பானிய மூல ஒலியுடன் துணையுரை வைத்து, காதொலிப்பான் அணிந்து பார்ப்பது நல்லது. ‘லெய்ன்’, ‘சிக்கி’ போன்றவற்றை ஒரே இரவில் பார்த்து முடிப்பதைவிட, நாளுக்கு ஒன்றிரண்டு பகுதிகளாகப் பார்ப்பதே பொருந்தும்; இடைப்பட்ட நேரத்தில்தான் கலக்கம் வளர்கிறது. இணையத்தில் உலவும் சிறு துணுக்குகளைப் பார்த்துத் தொடரை மதிப்பிடக் கூடாது. துணுக்கில் அகப்படுவது அதிர்ச்சி மட்டுமே. அதற்கு முன் நெடுநேரம் கட்டப்பட்ட நம்பிக்கை அதில் இராது.

எச்சரிக்கை

அசைவூட்டம் என்றால் சிறுவர்க்கானது என்னும் எண்ணம் பெற்றோரிடையே இன்னும் இருக்கிறது. இங்கே கூறப்பட்டவை பெரும்பாலும் வயதுவந்தோருக்கானவை. ‘பெர்ஃபெக்ட் புளூ’வில் பாலியல் வன்முறைக் காட்சிகளும் கொலைகளும் உள்ளன. ‘ஹிகுராசி’யில் சித்திரவதைக் காட்சிகள் உண்டு. ‘லெய்ன்’ தற்கொலையுடன் தொடங்குகிறது; ‘பாரனோயா ஏஜெண்ட்’டிலும் அப்பொருள் வருகிறது. ‘மொனொனோக்கே’யின் முதல் கதை கருக்கலைப்பைப் பற்றியது. பார்க்கும் முன் வயதுக் குறியீட்டையும் உள்ளடக்கக் குறிப்பையும் கவனிப்பது அவசியம்.

அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்களும், மனச்சோர்வில் இருப்பவர்களும் இவற்றைத் தள்ளிவைப்பது நல்லது. ஒரு தொடர் உறக்கத்தைக் கெடுத்தால் அதை நடுவில் நிறுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நூறு கதைக் கூட்டத்தில் அமர்ந்தவர்களும் தொண்ணூற்றொன்பதாம் விளக்குடன் எழுந்து போயிருக்கிறார்கள்.